மழைநீர் வடிந்தபின் சம்பா பயிருக்கு உரம்

அடைமழையில் தண்ணீர் கட்டிய சம்பா, தாளடிப் பருவ நெற்பயிர் மஞ்சளடித்தால் உடனே யூரியாவை வீசாதீர்கள். தேங்கிய நீரோடு அது வாய்க்காலுக்குத்தான் போகும். வேருக்குக் காற்று கிடைக்காததால் தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுக்க முடியாமல் வருகிற மஞ்சள் இது. முதலில் தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி வடியுங்கள். ஆற்றுப் பாசனத்தின் கடைசிப் பகுதியான திருவாரூர், நாகை கடைமடையில் வடிகாலை அடைத்திருக்கும் ஆகாயத்தாமரையை அகற்றாமல் நீர் இறங்காது.

வடிந்ததும் ஏக்கருக்கு 22 கிலோ யூரியா, 18 கிலோ ஜிப்சம், 4 கிலோ வேப்பம் புண்ணாக்கு மூன்றையும் கலந்து ஓர் இரவு வையுங்கள். மறுநாள் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து, மழை விட்ட நேரம் பார்த்துத் தூவுங்கள். புண்ணாக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்; யூரியாவின் சத்து வீணாகாமல் மெதுவாகக் கிடைப்பது அதனால்தான். அதன்பிறகும் பச்சை திரும்பாவிட்டால் 200 லிட்டர் தண்ணீரில் 2 கிலோ யூரியா, 1 கிலோ சிங்க் சல்பேட் கரைத்து இலைமேல் தெளிக்கலாம்.