எஸ்ஜிபிடி நார்மல் என்றால் கல்லீரல் நலமா? ஹெபடைடிஸ் பி-யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நாட்பட்ட ஹெபடைடிஸ் பி உள்ளவர்கள் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் தேடுவது எஸ்ஜிபிடி வரியைத்தான். இப்போது ஏஎல்டி என்றும் அச்சிடுகிறார்கள், இரண்டும் ஒன்றே. அந்த எண்ணுக்குப் பக்கத்தில், வரம்பு மீறியதைக் காட்டும் நட்சத்திரக் குறி இல்லையென்றால் நிம்மதி. காகிதம் மடித்து அலமாரிக்குப் போய்விடும். முதல் தவறு அதுதான்.

ஏஎல்டி, கல்லீரல் செல்லுக்குள் இருக்க வேண்டிய நொதி. செல் சிதைந்தால் ரத்தத்தில் கசியும். கசிந்ததில் பாதி ஏறக்குறைய இரண்டே நாளில் மறைந்துவிடும். அதனால் அந்த எண் சொல்வது கடந்த சில நாள் கதையை மட்டும். இருபது வருடமாகச் சேர்ந்த தழும்பு எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. செல்லைச் சிதைப்பதும் பெரும்பாலும் வைரஸ் இல்லை, வைரஸ் புகுந்த செல்லைத் தாக்கும் நம் எதிர்ப்புச் சக்திதான். பிறப்பிலேயே தொற்றிய இளைஞருக்கு ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் கோடிக்கணக்கில் வைரஸ் இருந்தும் ஏஎல்டி அமைதியாக இருப்பது இதனால்தான்.

அடுத்தது, ஆய்வகம் அச்சிட்ட உச்சவரம்பை அப்படியே நம்புவது. பல ரிப்போர்ட்களில் அது 40-க்கு மேல் இருக்கும். அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர் சங்கம் 2018-இல் சொன்ன வரம்பு ஆண்களுக்கு 35, பெண்களுக்கு 25. உலக சுகாதார நிறுவனம் 2024-இல் 30, 19 என்று இன்னும் இறக்கியது. ரிப்போர்ட்டில் நட்சத்திரமே இல்லாத 38, ஒரு பெண்ணுக்கு நிச்சயம் கேள்வி கேட்க வேண்டிய எண்.

பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள்) வரியைத் தாண்டிப் போவதுதான் என் கணக்கில் பெரிய தவறு. ஓர் உதாரணம்: ஏஎல்டி 31, ஏஎஸ்டி (எஸ்ஜிஓடி என்றும் அச்சிடும் இன்னொரு நொதி) 46, பிளேட்லெட் 92,000. பார்த்தால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஏஎஸ்டியை அதன் வரம்பான 40-ஆல் வகுங்கள், 1.15. அதை நூறால் பெருக்கி, பிளேட்லெட்டை ஆயிரக்கணக்கில் எடுத்து 92-ஆல் வகுத்தால் 1.25. ஏப்ரி என்னும் இந்தக் குறியீடு 0.5-ஐத் தாண்டினாலே குறிப்பிடத்தக்க தழும்பு இருக்கலாம், 1-ஐத் தாண்டினால் சிரோசிஸ் (தழும்பேறிக் கல்லீரல் இறுகிப்போன நிலை) இருக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் அதே 2024 வழிகாட்டுதல். சிரோசிஸ் முற்றும்போது ஏஎல்டி இறங்கி ஏஎஸ்டி அதை முந்துவது வழக்கம். இந்தக் கணக்கே நோயை உறுதி செய்துவிடாது. கல்லீரலின் இறுக்கத்தை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க இது போதுமான காரணம், அவ்வளவுதான்.

ஆனால் ஏஎல்டி எகிறியிருக்கும் நேரத்தில் எடுத்த ஃபைப்ரோஸ்கேனைப் பார்த்துக் கலங்கவும் வேண்டாம். வீங்கிய கல்லீரலும் இறுகியதாகவே காட்டும். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போனாலும் எண் கூடும். ஏஎல்டி 300 என்றதும் சிரோசிஸ் என்று முடிவு கட்டுவதும் இதே ரகம். கொழுப்புக் கல்லீரல், மது, வேறு மாத்திரைகள், முந்தைய நாள் கடும் உடற்பயிற்சி என்று ஏஎல்டி உயரப் பல காரணங்கள் உண்டு. ஒற்றை ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதாமல், மூன்று முதல் ஆறு மாத இடைவெளியில் எடுத்தவற்றை வைரஸ் அளவோடு வரிசையாக வைத்துப் பாருங்கள். (லிவர் டானிக் குடித்து எண் இறங்கினால் வைரஸ் இறங்கியதாகப் பொருளில்லை.)

சரி, மாத்திரை சாப்பிடுகிறவர்களின் தவறு வேறு. வைரஸை அடக்கும் டெனோஃபோவிரோ என்டிகாவிரோ எடுத்து எண் நார்மலுக்கு வந்ததும், 'குணமாகிவிட்டது' என்று தாங்களே நிறுத்திவிடுவது. வைரஸ் மறுபடி பெருகி, ஏஎல்டி ஆயிரத்தைத் தாண்டி, கல்லீரல் செயலிழப்பு வரைக்கும் போகலாம். ஏற்கெனவே சிரோசிஸ் உள்ளவருக்கு இது உயிர் ஆபத்து. தொடர்ந்து சாப்பிட்டால் என்ன கிடைக்கும் என்பதற்கு 2013-இல் வெளியான டெனோஃபோவிர் ஆய்வைச் சொல்லலாம். தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு, ஐந்தாண்டு கழித்து எடுத்த பயாப்ஸியில் (கல்லீரல் திசுப் பரிசோதனை) சிரோசிஸ் இல்லை. தழும்பு கரையும், ஆனால் வருடக்கணக்கில்தான்.

அப்புறம், அல்ட்ராசவுண்ட். ஹெபடைடிஸ் பி-யில் சிரோசிஸ் வராமலே நேராகப் புற்றுநோய் வரலாம், அப்போதும் ஏஎல்டி நார்மலாக இருக்கலாம். வயது, குடும்ப வரலாறு, தழும்பு இவற்றைப் பார்த்து மருத்துவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் என்று எழுதியிருந்தால், 'எஸ்ஜிபிடி நன்றாகத்தானே இருக்கிறது' என்று அதைத் தள்ளிப்போடாதீர்கள்.