சோறு வேகும் நேரத்துக்குள் கொரிய பீஃப் சோறு

ரைஸ் குக்கரின் சுவிட்சைத் தட்டிவிட்டு வேலையைத் தொடங்கினால், சோறு வெந்து அடங்குவதற்குள் முடிந்துவிடும் சமையல் இது. சோற்றின் மேல் கறியைப் போர்த்தித் தரும் கிண்ணச் சோற்றுக்குக் கொரியாவில் ‘தொப்பாப்’ என்று பெயர். மேலே போர்த்தப்படும் கறியின் சுவை ‘புல்கோகி’யைச் சேர்ந்தது; ‘புல்’ என்றால் நெருப்பு, ‘கோகி’ என்றால் இறைச்சி. முறையான புல்கோகிக்கு மெல்லிசாக அரிந்த இறைச்சியை ஊறவைத்து வாட்டுவார்கள். அதே சுவையைக் கைமாவில் கொண்டுவருவதுதான் வீட்டுக் குறுக்குவழி. வேலை முடிந்து, ஜாமில் மாட்டி, ஏழரை மணிக்கு வீடு வந்து சேருபவர்களுக்கு இது போதும்.

நம் மலேசியத் தமிழ் வீடுகளில் இது சொதப்புவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், பெரட்டல் செய்து பழகிய கை. வெங்காயம், இஞ்சி பூண்டு விழுதை முதலில் வதக்கி, அப்புறம் கறியைப் போட்டு, அது விடும் தண்ணீரிலேயே வேகவிட்டுச் சுண்ட வைப்போம். பெரட்டலுக்கு அது சரி. இங்கே வரிசை தலைகீழ். இறைச்சி முதலில், எண்ணெயைத் தவிர வேறெதுவும் இல்லாமல், காய்ந்த வாணலியில் சிவக்க வேண்டும். பூண்டு அதற்குப் பிறகு. சாஸ் கடைசியில், அதுவும் கொஞ்சமாக. முதலில் ஊற்றிவிட்டால் கறி சாம்பல் நிறத்தில் வெந்து போகும். அதன்பின் எவ்வளவு நேரம் கிளறினாலும் குழம்புதான் கிடைக்கும்.

மூன்று பேருக்கான அளவு: 400 கிராம் கைமா, உப்புக் கிச்சாப் (சோயா சாஸ்) 3 மேசைக்கரண்டி, பழுப்புச் சீனி 2 மேசைக்கரண்டி, கொச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது) 1 மேசைக்கரண்டி, தண்ணீர் 2 மேசைக்கரண்டி, பொடியாக நறுக்கிய பூண்டு 4 பல், துருவிய இஞ்சி 1 தேக்கரண்டி, வறுத்த எள் எண்ணெய் 2 தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, வெங்காயத்தாள் 3 தண்டு, வறுத்த வெள்ளை எள் 1 மேசைக்கரண்டி. உப்பு தனியாக வேண்டாம். கிச்சாப்பிலும் கொச்சுஜாங்கிலும் இருப்பதே சோற்றுக்கும் சேர்த்துப் போதும்.

இந்தப் பட்டியலில் கடையிலேயே தவறக்கூடிய பொருள்கள் மூன்று.

முதலாவது கிச்சாப். கேட்பது கிச்சாப் மாசின், அதாவது தண்ணீராக ஓடும் உப்புக் கிச்சாப். வீட்டில் பொரித்த முட்டைக்கும் கோழிக்கும் ஊற்றுகிற கெட்டியான கிச்சாப் மானிஸை ஊற்றினால் சீனி இரண்டு மடங்காகி, சாஸ் வாணலியில் ஒட்டிக் கருகும். வேறு வழியே இல்லை என்றால் சீனியை முழுவதும் விட்டுவிட்டு, உப்பைச் சுவைத்துப் பார்த்துச் சேர்க்கலாம். ஆனால் வாசனை மாமாக் கடை மீ கோரெங் பக்கம் போய்விடும். அதுவும் நன்றாகத்தான் இருக்கும், கொரியச் சோறாக இருக்காது.

இரண்டாவது எள் எண்ணெய். நம் அடுப்படியில் இருக்கும் நல்லெண்ணெயும் எள்ளிலிருந்து வந்ததுதானே என்று தோன்றும். அதில் கொரிய வாசனை வராது. நல்லெண்ணெய் வறுக்காத எள்ளை ஆட்டி எடுப்பது, வெளிர் மஞ்சள், வாசனை அடக்கம். கொரிய, சீனச் சமையலின் எள் எண்ணெய் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது. கருப்புத் தேநீர் நிறத்தில், மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறும். பினாங்கில் இருப்பவர்கள் கொரிய பாட்டிலைத் தேடி அலைய வேண்டியதில்லை. தௌசார் பியா என்ற பலகாரத்துக்குப் பெயர்பெற்ற கீ ஹியாங் கடை, வறுத்த எள் எண்ணெயும் விற்கிறது. அதில் ஒரு சின்ன பாட்டில் போதும், மாதக்கணக்கில் வரும். இந்த எண்ணெயில் எதையும் வதக்கக் கூடாது. சூட்டில் அதன் வாசனை பறந்துவிடும். அடுப்பை அணைத்தபின் ஊற்றுவதற்கே அது.

மூன்றாவது கொச்சுஜாங். மிளகாய்த்தூள், பசையரிசி, புளிக்கவைத்த சோயாத்தூள், உப்பு சேர்த்துப் பதப்படுத்திய சிவப்பு விழுது. காரத்தோடு ஓர் இனிப்பும், பழைய மிசோ போன்ற ஓர் ஆழமும் இருக்கும். கோலாலம்பூரில் அம்பாங், மோண்ட் கியாரா பக்கம் கொரியர்கள் அதிகம் குடியிருப்பதால் அங்குள்ள கொரிய மளிகைகளில் வகைவகையாகக் கிடைக்கும். மற்ற ஊர்களில் பெரிய பேரங்காடியின் ஆசிய சாஸ் அலமாரியைப் பார்க்கலாம். முஸ்லிம் வீடுகளில் கவனிக்க வேண்டியது, கெடாமல் இருக்க ஆல்கஹால் சேர்த்த கொச்சுஜாங்குகளும் சோயா சாஸ்களும் உண்டு. பொருள் பட்டியலைப் படித்து, ஹலால் முத்திரை உள்ளதாக எடுப்பது நல்லது. ‘மிரின்’ கேட்கும் குறிப்புகள் பல இருக்கின்றன. அது அரிசி மது. இந்த அளவுகளில் அதற்கு இடமே வைக்கவில்லை. கொச்சுஜாங் கிடைக்காத நாளில் சில்லி போ (அரைத்த மிளகாய் விழுது) 1 மேசைக்கரண்டி, நசுக்கிய தௌச்சு (புளிக்கவைத்த சோயா) 1 தேக்கரண்டி, சீனி 1 தேக்கரண்டி கலந்து போடலாம். முக்கால்வாசி வந்துவிடும். சம்பால் பெலாச்சான் மட்டும் வேண்டாம், பெலாச்சான் வாசனை எல்லாவற்றையும் விழுங்கிவிடும்.

இறைச்சிக்கு வருவோம். சௌ கிட் பசாரிலோ பினாங்கு சௌராஸ்தாவிலோ கடைக்காரரிடம் கொழுப்பு கொஞ்சம் சேர்த்து அரைத்துத் தரச் சொன்னால் அதுவே முதல் தரம். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருந்தால் கறி தன் கொழுப்பிலேயே பொரியும். பேரங்காடியில் உறைந்த கட்டியாக விற்கும் இந்திய இறக்குமதி இறைச்சி எருமை. கொழுப்பு குறைவு, உருகும்போது தண்ணீர் அதிகம் விடும். விலைக்காக அதை வாங்குபவர்கள் முந்தின இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருகவிட்டு, சல்லடையில் வடித்து, டிஷ்யூ தாளால் அழுத்தித் துடைத்துவிட வேண்டும். வாணலியில் எண்ணெயும் 2 மேசைக்கரண்டியாக்க வேண்டும். எந்த இறைச்சியானாலும் ஒரு காரியம் பலன் தரும்: கால் தேக்கரண்டி ஆப்ப சோடாவை ஒரு தேக்கரண்டி தண்ணீரில் கரைத்து, கைமாவில் பிசறி 15 நிமிடம் வைப்பது. சோடா இறைச்சியின் காரத்தன்மையை (உறைப்பை அல்ல, pH அளவை) உயர்த்துவதால் அது தன் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சிவப்பதும் சீக்கிரம். கால் தேக்கரண்டிக்கு மேல் போனால் சோப்பு வாசம் வரும்.

பீஃப் சமைக்காத வீடுகள் நம்மில் நிறைய. தோலில்லாத கோழித் தொடைக்கறியை அரைத்து இதே அளவில் செய்யலாம். நெஞ்சுக்கறி வேண்டாம், சக்கையாகிவிடும். ஆட்டுக் கைமா என்றால் இஞ்சியை இரண்டு மடங்காக்க வேண்டும். சைவத்துக்குத் தௌ குவாவை (கெட்டி டோஃபு) விரலால் உதிர்த்து, மூன்று மேசைக்கரண்டி எண்ணெயில் ஓரம் முறுகும்வரை பொரித்துச் சாஸைச் சேர்த்தால் பிள்ளைகள்கூடத் தட்டைக் காலி செய்வார்கள்.

அரிசிதான் பலர் கணக்கில் எடுக்காத பாதி. பொன்னியும் பாஸ்மதியும் பருக்கை பருக்கையாகப் பிரியும். சாஸ் வழுக்கி அடியில் போய்த் தேங்கும். ஸ்பூனில் சோறும் கறியும் ஒட்டி வர வேண்டுமானால் குட்டையான ஜப்பானிய, கொரிய அரிசி வேண்டும். தண்ணீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை கழுவி, குக்கர் கப்பில் இரண்டு கப் அரிசிக்கு இரண்டேகால் கப் தண்ணீர். அரை மணி நேரம் ஊறினால் நல்லது. நேரமில்லை என்றால் 2 மேசைக்கரண்டி தண்ணீரைக் கூட்டிக்கொள்ளலாம். சுவிட்ச் மேலே வந்தபிறகு பத்து நிமிடம் திறக்கக் கூடாது. அந்த அரிசியின் விலை உறுத்தினால் தாய்லாந்து வாசனை அரிசி நான்கு பங்குக்கு ஒரு பங்கு பூலுட் (பசையரிசி) கலந்து வேகவைக்கலாம். பழகியவர்கள்கூட வித்தியாசத்தைச் சட்டென்று சொல்லமாட்டார்கள்.

இனி அடுப்பு. கிச்சாப், சீனி, கொச்சுஜாங், தண்ணீர், மிளகுத்தூள் ஐந்தையும் ஒரு கிண்ணத்தில் முன்பே கலக்கி வைக்க வேண்டும். கொச்சுஜாங் கட்டி தட்டாமல் கரைய அதுவே வழி, நேராக வாணலியில் போட்டால் ஒரு மூலையில் உருண்டு கருகும். அகலமான, கனத்த வாணலியைப் பெரிய தீயில் இரண்டு நிமிடம் காயவிட்டு, ஒரு மேசைக்கரண்டி சாதாரண சமையல் எண்ணெய் ஊற்றி, கைமாவைப் பரப்பிப் போட்டு அப்படியே விடுங்கள். இரண்டு நிமிடம் கரண்டி படக் கூடாது. கிளற வேண்டும் என்று கை பரபரக்கும், பொறுக்க வேண்டும். அடி சிவந்து பிடித்தபின் பெரிய துண்டுகளாகத் திருப்பி, அப்புறம் உடைக்கலாம்.

இந்த இடத்தில் காதையும் பயன்படுத்த வேண்டும். இறைச்சி விட்ட தண்ணீர் கொதிக்கும்வரை சத்தம் தகரக் கூரையில் பெய்யும் மழைபோல ‘சோ’வென்று ஒரே சீராக இருக்கும். தண்ணீர் வற்றியதும் அது அடங்கி, தாளிப்பு வெடிக்கிற மாதிரி பட்பட்டென்று மாறும். அந்த மாற்றம் கேட்கும்வரை பூண்டுக்கு வேலையில்லை. 400 கிராமுக்கு இது ஆறேழு நிமிடம். 800 கிராமாகச் செய்தால் இரண்டு தடவையாக வறுப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒரே நேரத்தில் கொட்டினால் வாணலியின் சூடு இறங்கி, கறி தன் தண்ணீரிலேயே அவிந்துவிடும். சின்ன இண்டக்ஷன் அடுப்பு வைத்திருப்பவர்களுக்கு 400 கிராமே இரண்டு தடவையாகலாம்.

சத்தம் மாறியதும் வடிந்த கொழுப்பு அதிகமிருந்தால் ஒரு மேசைக்கரண்டி மட்டும் நிற்க மீதியை வழித்துவிட்டு, தீயை நடுத்தரமாக்கி, பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. முப்பது வினாடி, பச்சை வாசம் போனால் போதும். உடனே சாஸ். சாஸ் விழுந்ததும் நுரைத்து எழும். இரண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருந்தால் நுரை சிறுசிறு குமிழாகிப் பளபளக்கும். கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு உடனே மூடிக்கொண்டால் இன்னும் அரை நிமிடம். ஒரு நொடி தடம் நின்று மெதுவாக மூடினால் அணைத்துவிட வேண்டும். அதற்குமேல் விட்டால் சீனி மிட்டாய்ப் பதத்துக்குப் போய்க் கறி சரம்சரமாக ஒட்டும். அப்படி ஆகிவிட்டால் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் தெளித்து இளக்கலாம், ஆனால் கசந்துவிட்டதை மீட்க முடியாது. அணைத்தபின் எள் எண்ணெய், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி, எள்.

மெல்லிய துண்டு வகைக்கு ஒரு குறிப்பு. ரிப்ஐ போன்ற கொழுப்போடிய பகுதியை ஃபிரீசரில் 45 நிமிடம் வைத்தால் ஓரளவு விறைக்கும், அப்போது நார்களுக்குக் குறுக்காக 2, 3 மில்லிமீட்டருக்கு அரியலாம். ஸ்டீம்போட்டுக்கென்று அரிந்து விற்பதையும் வாங்கலாம். இதே சாஸில் கொச்சுஜாங்கையும் தண்ணீரையும் தவிர்த்து, துருவிய பேரிக்காய் 3 மேசைக்கரண்டி சேர்த்து அரை மணி நேரம் ஊறவைக்க வேண்டும். மென்மையாகட்டும் என்று ஆட்டுக்கறிக்குப் பச்சைப் பப்பாளி போடும் பழக்கத்தில் பப்பாளியோ அன்னாசியோ சேர்ப்பவர்கள் ஒரு தேக்கரண்டியோடும் பத்து நிமிடத்தோடும் நிறுத்த வேண்டும். மெல்லிய துண்டை அந்த நொதிகள் கூழாக்கிவிடும். கைமாவுக்கு இது எதுவுமே வேண்டாம்.

பக்கத்தில் வைக்க, வெள்ளரிக்காயை வட்டமாக அரிந்து அரைத் தேக்கரண்டி உப்பில் பத்து நிமிடம் வைத்துப் பிழிந்து, வினிகர் 1 மேசைக்கரண்டி, சீனி 1 தேக்கரண்டி, மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகை. பிழியாமல் விட்டால் அந்தத் தண்ணீர் சோற்றில் இறங்கும். தௌகே (முளைவிட்ட பயறு) இருந்தால் கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு வடித்து, உப்பும் இரண்டு சொட்டு எள் எண்ணெயும். மேலே ஒரு புல்ஸ்ஐ, மஞ்சள் உடையாமல். காரம் தாங்காத பிள்ளைகளுக்கு அந்த மஞ்சளே சாஸைத் தணிக்கும். கிம்ச்சி வாங்கினால் அதில் மீன் சாஸோ இறால் ஊறுகாயோ இருப்பது வழக்கம் என்பதைச் சைவக்காரர்கள் நினைவில் வைக்கவும்.

மறுநாள் ஆபீசுக்குத் தாப்பாவ் கட்டலாம். கறியும் சோறும் தனித்தனி டப்பாவில், சமைத்து இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜுக்குப் போக வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் இரவு முழுக்க அடுப்பின் மேல் கிடந்த சோற்றை மறுபடி சுடவைத்தாலும் நம்பக் கூடாது. கறி ஃபிரிட்ஜில் மூன்று நாள் தாங்கும். சூடாக்கும்போது சோற்றில் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து மூடி மைக்ரோவேவில் வைத்தால் விறைப்பு போகும். வெள்ளரிக்காயும் முட்டையும் அந்த டப்பாவுக்குள் வேண்டாம்.