வயதான குதிரைகளோடு ஒரு நெடுந்தூரச் சவாரிப் பருவம்: திட்டமிடும் முறை

அமெரிக்காவில் நெடுந்தூரக் குதிரைச் சவாரிப் போட்டிகளை 1972-இல் தொடங்கப்பட்ட ஏ.இ.ஆர்.சி. (அமெரிக்கன் எண்டூரன்ஸ் ரைட் கான்ஃபரன்ஸ்) என்ற அமைப்பு நெறிப்படுத்துகிறது. அதன் பருவம் டிசம்பர் 1-இல் தொடங்கி நவம்பர் 30-இல் முடிகிறது. புதிதாகச் சேர்பவர்கள் பெரும்பாலும் போட்டி அட்டவணையை முதலில் விரித்து, விரும்பிய இடங்களைக் குறித்துக்கொண்டு, பிறகுதான் எந்தக் குதிரையை எங்கே கொண்டுபோவது என்று யோசிக்கிறார்கள். கொட்டிலில் இருப்பவை பதினைந்து வயதை நெருங்கிய அல்லது கடந்த குதிரைகள் என்றால் இந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். குதிரைகளை முதலில் பார்த்துவிட்டு, அட்டவணையைப் பிறகு திறக்க வேண்டும். கலிபோர்னியாவின் சியரா நெவாடா அடிவாரத்தை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி: டிசம்பரில் ஒவ்வொரு குதிரையையும் தனித்தனியே மதிப்பிடுதல்

ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். காலையில் அது அமைதியாக நிற்கும்போது இதயத் துடிப்பை எண்ணி எழுதுங்கள். வளர்ந்த குதிரைக்கு அது வழக்கமாக நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். ஆனாலும் பொது அளவைவிட உங்கள் குதிரையின் சொந்த எண்ணே பின்னால் உங்களுக்குப் பயன்படும். கால்நடை மருத்துவரை அழைத்து நான்கு கால்களின் மூட்டுகளையும் பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். பல் தேய்ந்த குதிரை உலர்புல்லைச் சரியாக மெல்லாது. மெல்லாத தீவனம் உடம்பில் ஒட்டுவதில்லை என்பதோடு, வயிற்று வலிக்கும் அதுவே வழி வகுக்கும். முடி உதிராமல் நீளமாக வளர்வதும், முதுகுத் தசை கரைவதும் வயதான குதிரைகளுக்கு வரும் சுரப்பிக் கோளாறான குஷிங் நோயின் அறிகுறிகளாக இருக்கலாம். அதற்கான ரத்தப் பரிசோதனையின் அளவுகள் இலையுதிர் காலத்தில் இயல்பாகவே உயரும் என்பதால், எந்த மாதத்தில் ரத்தம் எடுத்தார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஏதேனும் மருந்து எழுதித் தந்தால், அது போட்டி விதிகளுக்கு உட்பட்டதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள். மருந்தின் உதவியோடு ஓடுவதை ஏ.இ.ஆர்.சி. அனுமதிப்பதில்லை. வலி நிவாரணி கொடுத்தால்தான் ஒரு குதிரை நன்றாக நடக்கும் என்றால், அது போட்டிக்குரிய குதிரை அன்று.

உடற்கட்டை 1 (மிக மெலிவு) முதல் 9 (மிகப் பருமன்) வரையிலான ஹெனெக் அளவுகோலில் பதிவு செய்யுங்கள். விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல் கைக்குத் தட்டுப்படும் நிலையான 5-ஐ ஒட்டி இருப்பது நல்லது.

இரண்டாம் படி: வேலையைப் பங்கிடுதல்

எடுத்துக்காட்டாக, 14, 18, 22 வயதில் மூன்று குதிரைகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 14 வயதுக் குதிரைக்கு 50 மைல் போட்டிகள் மூன்றோ நான்கோ ஒதுக்கலாம். அந்தத் தூரத்துக்கு, வழியில் மருத்துவர் குதிரையைச் சோதிக்கும் கட்டாய இடை ஓய்வுகளையும் சேர்த்து, 12 மணி நேரம் தரப்படுகிறது. 18 வயதுக் குதிரைக்கு 25 முதல் 35 மைல் வரையிலான குறுந்தூரப் பிரிவு பொருந்தும். 22 வயதுக் குதிரையைப் பயிற்சித் துணையாக வைத்துக்கொண்டு, வசந்த காலத்தில் ஒரே ஒரு 25 மைல் போட்டியை மட்டும், அதுவும் அது விரும்பி நடந்தால் மட்டும், நினைத்துப் பார்க்கலாம். வயது மட்டுமே இதைத் தீர்மானிப்பதில்லை. எல்மர் பேண்டிட் என்ற பாதி அரபுக் குதிரை 37 வயதிலும் பாதைச் சவாரிப் போட்டிகளில் கலந்துகொண்டு, வாழ்நாளில் 20,000 மைலுக்கு மேல் கடந்தது. அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது. ஆனால் அதை நம் குதிரைக்கு இலக்காக வைக்கக் கூடாது.

மூன்றாம் படி: அட்டவணையைத் திறத்தல்

வெப்பந்தான் இங்கே முதல் கேள்வி. வயதான குதிரைகளின் உடல், வேலை செய்யும்போது இளம் குதிரைகளைவிட வெகு விரைவில் சூடாகிறது என்பதை ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓடுபொறியில் ஓடவிட்டு அளந்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே மூத்த இரண்டுக்கும் மார்ச் முதல் மே வரையிலும், மீண்டும் அக்டோபரிலும் போட்டிகளை வையுங்கள். ஜூலை, ஆகஸ்டை விட்டுவிடுங்கள். 1955 முதல் நடந்துவரும் டெவிஸ் கோப்பைச் சவாரி 100 மைலை 24 மணி நேரத்தில் கடப்பது. கோடை வெயிலில் அதன் பள்ளத்தாக்குகள் அடுப்பைப் போலக் காயும். முதல் பருவத்தில் அதைக் கனவாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

போட்டியில் கடந்த ஒவ்வொரு பத்து மைலுக்கும் ஒரு நாள் முழு ஓய்வு என்பது சவாரியாளர்களிடையே வழங்கிவரும் கைக்கணக்கு. மூத்த குதிரைக்கு அதை இரட்டிப்பாக்குவது என் வழக்கம். ஒரே குதிரைக்கு இரு போட்டிகளுக்கிடையே குறைந்தது ஆறு வாரம் விடுங்கள்.

நான்காம் படி: பயிற்சி

தொடக்கக்காரர்களை ஏமாற்றும் இடம் இதுதான். இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே தேறிவிடும். தசைக்குச் சில மாதங்கள் வேண்டும். தசைநாண்களும் எலும்பும் குளம்பும் அதைவிட மெதுவாகவே உறுதிப்படும். மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று தூரத்தைக் கூட்டினால், இன்னும் உறுதிப்படாத தசைநாண்தான் அதற்கு விலை கொடுக்கும். நடையிலும் மெதுவான துள்ளுநடையிலும் நீண்ட நேரம் போகும் பயிற்சியே அடித்தளம். முதலில் தூரத்தைக் கூட்டுங்கள், பிறகு மேட்டைச் சேர்த்துக்கொள்ளுங்கள், வேகத்தைக் கடைசியில் தொடுங்கள். ஒரே வாரத்தில் இரண்டைக் கூட்டாதீர்கள்.

வயதான குதிரை நீண்ட ஓய்வில் இழக்கும் தசையைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். அதனால் குளிர்காலத்தில்கூட மூன்றையும் முழுவதுமாக நிறுத்திவிடாமல், வாரம் மூன்று முறை லேசான வேலையில் வைத்திருங்கள். ஒருவர் மூன்று குதிரைகளுக்கு நேரம் ஒதுக்குவது எப்படி என்று கேட்பீர்கள். ஒன்றில் ஏறிக்கொண்டு இன்னொன்றைக் கயிற்றில் பக்கத்திலேயே நடத்திச் செல்லலாம். 22 வயதுக் குதிரைக்கு முதுகில் பாரமில்லாமல் மேடு ஏறக் கிடைக்கும் இந்த வாய்ப்பு மிக நல்லது. இதை முதலில் வேலியிட்ட மைதானத்தில் பழக்குங்கள். ஒவ்வொரு முறையும் முதல் இருபது நிமிடம் நடை மட்டுமே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: தீவனமும் உப்பும்

பல் குறைந்த குதிரைக்கு ஊறவைத்த புல் உருண்டைகளும் சர்க்கரை எடுத்த பீட் கிழங்கின் சக்கையும் கொடுங்கள். அதோடு தண்ணீரும் உள்ளே போகும். குதிரையின் வியர்வையில் உப்புச் சத்து மிக அதிகம் என்பதால், நாள்தோறும் தீவனத்தில் உப்பு சேர வேண்டும். தண்ணீர் குடிக்காத குதிரைக்கு உப்புக் கலவையை வாயில் புகட்டாதீர்கள்.

ஆறாம் படி: போட்டி நாள்

இடை ஓய்வில் துடிப்பு பெரும்பாலும் 60 அல்லது 64-க்குள் இறங்க வேண்டும். மருத்துவர் துடிப்பை எண்ணியதும், குதிரையை 125 அடி போய்த் திரும்பத் துள்ளுநடையில் ஓட்டச் சொல்வார். ஓடத் தொடங்கியதிலிருந்து ஒரு நிமிடம் ஆனதும் மீண்டும் எண்ணுவார். இரண்டாவது எண் முதல் எண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ இருந்தால் நிம்மதி. நான்கோ அதற்கு மேலோ கூடினால், களைப்போ வலியோ இருக்கலாம். இதை வீட்டிலேயே ஒவ்வொரு நீண்ட பயிற்சிக்குப் பிறகும் செய்து நோட்டில் எழுதி வந்தால், மருத்துவர் சொல்வதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும். சந்தேகம் வந்தால் நீங்களே விலகிக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: பருவத்தின் நடுவில் திட்டத்தை மாற்றுதல்

போட்டிக்கு மறுநாள் காலையில் கால்களைத் தடவி, சூடும் வீக்கமும் உண்டா என்று பார்த்த பிறகு, நேர்க்கோட்டில் துள்ளுநடையில் ஓட்டிப் பாருங்கள். நொண்டல் தெரிந்தால் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அந்தக் குதிரையின் அடுத்த போட்டியைத் திட்டத்திலிருந்து உடனே நீக்கிவிடுங்கள். பல குதிரைகள் வைத்திருப்பவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். நுழைவுக் கட்டணம் கட்டியாகிவிட்டதே என்று, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை ஏற்றுகிறார்கள். அந்த மாற்றுக் குதிரையின் ஓய்வு நாள்கள் இன்னும் முடிந்திருக்காது. அதற்கென்று திட்டமிட்ட தூரமும் அது அன்று. கைவிட்ட போட்டிக்குரிய நாளை வெறுமையாகவே விட்டுவிட்டு, நலமாக இருக்கும் இரண்டையும் அன்று காலை ஒரு மணி நேரம் நடையில் அழைத்துச் செல்லுங்கள்.