தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் புதிதா? இந்தத் தவறுகளைத் தவிர்த்துவிடுங்கள்

தமிழ் விக்கிப்பீடியாவில் கணக்குத் தொடங்கியதும் பலரும் தங்கள் ஊர்க் கவிஞரைப் பற்றியோ தமிழாசிரியரைப் பற்றியோதான் முதலில் எழுத உட்காருகிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் அவரைப் பற்றி, அவரோடு தொடர்பில்லாத நாளிதழோ நூலோ ஓரளவு விரிவாக எழுதியிருக்க வேண்டும். இதைக் குறிப்பிடத்தக்கமை என்கிறார்கள். சான்று இல்லாவிட்டால் கட்டுரை நீக்கப்படலாம். உங்கள் ஆசிரியரை யாரும் குறைத்து மதிப்பிட்டதாக நினைக்க வேண்டாம். சரிபார்க்க வழியில்லை, அவ்வளவே.

அடுத்தது, வேறு தளத்திலிருந்து வெட்டி ஒட்டுவது. "எங்கிருந்து எடுத்தேன் என்று போட்டுவிட்டேனே" என்பார்கள். அது போதாது. விக்கிப்பீடியாவில் இருப்பதை யாரும், வணிகத்துக்கும்கூட, எடுத்தாளலாம். அடுத்தவர் எழுத்துக்கு அந்த அனுமதியை நாம் எப்படித் தர முடியும்? இந்தியச் சட்டப்படி எழுத்தாளர் மறைந்த பிறகும் 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு. படங்களுக்கும் இதே கவனம் வேண்டும். கூகுளில் கிடைத்த படத்தைவிட, உங்கள் கைப்பேசியில் நீங்களே எடுத்த ஊர் ஏரியின் படம் எவ்வளவோ மேல்.

எழுத்துப்பிழை என்று நினைத்துக் கைவைக்கும் முன் ஒரு நிமிடம் பொறுங்கள். 'ரொறன்ரோ' என்பது பிழையல்ல, ஈழத்தமிழர் அந்த நகரின் பெயரை அப்படித்தான் எழுதுவார்கள். 'பாடசாலை', 'வைத்தியசாலை' எல்லாம் அவர்கள் அன்றாடம் புழங்கும் சொற்கள். 2003-இல் தொடங்கிய இந்தக் கலைக்களஞ்சியத்தை ஆரம்பத்திலிருந்தே தோளில் சுமந்தவர்களில் இலங்கைத் தமிழரான இ. மயூரநாதன் முக்கியமானவர். தமிழ்நாட்டு வழக்கு மட்டுமே சரி என்று இங்கே யாரும் சொல்ல முடியாது.

எனக்கு அதிகம் வருத்தம் தருவது வேறொன்று. ஒருவர் இரவெல்லாம் உட்கார்ந்து எழுதியதை இன்னொருவர் மீளமைத்துவிடுவார், அதாவது நீக்கிப் பழையபடி ஆக்கிவிடுவார். எழுதியவர் கோபத்தில் அதையே திரும்பப் போடுவார், அல்லது சொல்லாமல் கிளம்பிவிடுவார். இரண்டும் வேண்டாம். பக்கத்தின் 'வரலாறு' பகுதியைத் திறந்தால் யார் மாற்றினார், பெரும்பாலும் எதற்காக என்பதும் தெரியும். அப்புறம் அந்தக் கட்டுரையைப் பற்றி உரையாடுவதற்கான பேச்சுப் பக்கத்தில் கேளுங்கள். கேள்வியின் முடிவில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாகவே விழும். மாற்றியவரும் உங்களைப் போல ஊதியம் வாங்காத தன்னார்வலர்தான். பதில் வர ஓரிரு நாள் ஆகலாம். மாறி மாறி மீளமைத்துக்கொண்டே இருந்தால் நிருவாகிகள் தடைசெய்ய நேரிடும்.

சோதித்துப் பார்க்க மணல்தொட்டி இருக்கிறது. யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் 'ஆலமரத்தடி' பக்கத்துக்கு வாருங்கள்.