பயாப்ஸி முடிவுக்குக் காத்திருக்கும் நாட்களில்

திசுப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக வேலை செய்கிறேன். ரிப்போர்ட் வாங்க வருபவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதுதான்: "இத்தனை நாள் ஆகிறதே, அப்படியென்றால் கெட்டதுதானே?" இல்லை. தாமதத்தை வைத்து நோயைக் கணக்குப் போடாதீர்கள்.

எடுத்த திசு முதலில், அது கெடாமல் காக்கும் 10 சதவீத ஃபார்மலின் திரவத்தில் ஊற வேண்டும். சிறு துண்டுக்கே பல மணி நேரம் பிடிக்கும். பிறகு ஆல்கஹாலால் நீரை அகற்றி, பாராஃபின் மெழுகில் பதித்து, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 3 முதல் 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தடிமனுக்குச் சீவிச் சாயம் ஏற்றுகிறோம். அதற்குப் பிறகுதான் நோய்க்குறியியல் மருத்துவர் பார்க்கவே முடியும். எலும்பென்றால் சுண்ணாம்பைக் கரைக்கத் தனியாக நாள் வேண்டும். கூடுதலாக இம்யூனோ பரிசோதனை, அதாவது செல்லில் குறிப்பிட்ட புரதங்கள் இருக்கின்றனவா என்று பார்க்கும் சோதனை, கேட்டால் இன்னும் சில நாள். தீங்கற்ற கட்டிகளுக்கும் அதைக் கேட்பதுண்டு.

ஆகவே, மாதிரியைக் கொடுக்கும்போதே எந்தத் தேதியில் முடிவு வரும், யாரைக் கேட்க வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். டப்பாவில் பெயரும் வயதும் சரியா என்று பாருங்கள். அந்தத் தேதிவரை விசாரிக்கும் வேலையை வீட்டில் ஒருவரிடம் விட்டுவிடுங்கள். ஆளாளுக்குப் போன் செய்தால் வீடு முழுவதும் பதறும்.

இப்போதெல்லாம் ரிப்போர்ட் நேராக உங்கள் போனுக்கே வந்துவிடுகிறது. இரவில் வந்தால் தயவுசெய்து தனியாகத் திறக்காதீர்கள். 'கிரேடு 3' என்பதைப் பார்த்து புற்றுநோயின் மூன்றாம் கட்டம் (ஸ்டேஜ்) என்று நினைத்து உடைந்துபோனவர்களை நேரில் கண்டிருக்கிறேன். எனக்கு மனம் ஆறவில்லை. கிரேடு என்பது செல்கள் இயல்பிலிருந்து எவ்வளவு மாறியிருக்கின்றன என்பது. நோய் எதுவரை பரவியது என்பது ஸ்டேஜ். அதற்குப் பெரும்பாலும் ஸ்கேன் போன்ற வேறு சோதனைகளும் வேண்டும். மருத்துவரைப் பார்க்கும் நாளிலேயே, துணைக்கு ஒருவரோடு படியுங்கள்.

பயம் போகாது, அதற்கொரு நேரம் ஒதுக்குங்கள். மாலையில் அரை மணி நேரம் மனத்தில் ஓடுவதையெல்லாம் நோட்டில் எழுதி, மருத்துவரிடம் கேட்கக்கூடியவற்றுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்கள். படுக்கையில் இணையத்தில் தேடுவது வேண்டாம். மாலைக் காபியை விட்டால் தூக்கத்துக்கு நல்லது. அப்படியும் தூக்கம் வராமல் மூச்சு முட்டுகிறதா? 14416 என்ற டெலி மானஸ் எண்ணுக்கு (அரசின் மனநல உதவித் தொலைபேசி) எந்த நேரத்திலும் பேசலாம், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசுவார்கள்.