செட்டாப் பாக்ஸில் பதிவு செய்ய ஹார்ட் டிஸ்க் வாங்குவது எப்படி?

டிடிஎச் இணைப்புக்குத் தரப்படும் எச்டி செட்டாப் பாக்ஸ்கள் பலவற்றில் யுஎஸ்பி போர்ட் ஒன்று இருக்கிறது. அதில் ஹார்ட் டிஸ்க்கை இணைத்துவிட்டால், நாம் வீட்டில் இல்லாத நேரத்தில் ஒளிபரப்பாகும் தொடரையோ கிரிக்கெட் ஆட்டத்தையோ பதிவு செய்து வைத்துப் பிறகு பார்க்கலாம். டிஸ்க் வாங்கக் கடைக்குப் போனால், "எத்தனை டிபி வேண்டும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள் (டிபி என்பது டெராபைட், அதாவது ஆயிரம் ஜிபி). உண்மையில் அது கடைசியாக யோசிக்க வேண்டிய விஷயம். டிஸ்க்குக்கு வேண்டிய மின்சாரத்தை பாக்ஸ் தருமா, எவ்வளவு பெரிய டிஸ்க்கை அது ஏற்கும், பதிவானதை எத்தனை நாள் நம்பி வைத்திருக்கலாம் என்பவை தெளிவான பின்னரே கொள்ளளவுக்கு வர வேண்டும்.

யுஎஸ்பி போர்ட் இருப்பதாலேயே பதிவு வசதியும் இருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது. சில பாக்ஸ்களில் அது மென்பொருளைப் புதுப்பிக்கவோ புகைப்படம் பார்க்கவோ மட்டுமே பயன்படும். ரிமோட்டில் பதிவுக்கான பொத்தான் உள்ளதா, மெனுவில் ரெக்கார்டிங் என்ற பகுதி தென்படுகிறதா என்று முதலில் பாருங்கள். பிறகு வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்து, பாக்ஸின் அடியில் ஒட்டியிருக்கும் மாடல் பெயரைச் சொல்லி, அந்த மாடலில் பதிவு வசதி திறந்திருக்கிறதா, அதற்குத் தனிக் கட்டணம் உண்டா, அதிகபட்சம் எத்தனை டிபி வரை ஏற்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். டிவியின் பின்னால் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டிலேயே டிஸ்க்கைச் செருகிப் பதிவு செய்துவிடலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. பதிவு வசதி உள்ள டிவியாகவே இருந்தாலும், அது தன்னுள் இருக்கும் ட்யூனர், அதாவது ஆன்டெனா அல்லது கேபிள் சிக்னலை நேரடியாகப் பெறும் பகுதி, வழியாக வரும் சேனலைத்தான் பதிவு செய்யுமே தவிர, எச்டிஎம்ஐ கேபிள் வழியாக பாக்ஸிலிருந்து வரும் படத்தைப் பதிவு செய்யாது.

இனி மின்சாரம். பெரும்பாலான தொல்லைகள் இங்கேதான் தொடங்குகின்றன. யுஎஸ்பி 2.0 தரப்படி ஒரு போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லி ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் தந்தால் போதும்; யுஎஸ்பி 3.0 என்றால் 900 மில்லி ஆம்பியர், நாலரை வாட். கைக்கு அடக்கமான 2.5 அங்குல டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த அளவுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதன் மோட்டார் நின்ற நிலையிலிருந்து சுழலத் தொடங்கும் சில நொடிகளில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் வரைகூட இழுக்கக்கூடும். கணினியின் போர்ட்டுகள் பெரும்பாலும் தரம் கேட்பதைவிடச் சற்றுக் கூடுதலாகவே தருவதால், அங்கே இந்தக் குறை வெளியே தெரிவதில்லை. செட்டாப் பாக்ஸின் சிறிய அடாப்டருக்கு அந்தத் தாராளம் இருக்காது. டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்ற ஒலி வருவது, அதன் விளக்கு மின்னி மின்னி அணைவது, டிஸ்க் இணைக்கப்பட்டது என்ற செய்தி திரையில் திரும்பத் திரும்பத் தோன்றுவது ஆகியவை மின்சாரம் போதாததன் அடையாளங்கள். பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிஸ்க்கை, யுஎஸ்பி இணைப்பு தரும் ஓர் உறையில் போட்டு நான் முதன்முதலில் இணைத்தபோது இதே ஒலியைக் கேட்டு, டிஸ்க் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட்டேன். கணினியில் செருகியதும் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

இதற்கு வழிகள் உள்ளன. தனி அடாப்டருடன் வரும் யுஎஸ்பி ஹப்பை இடையில் வைத்தால் டிஸ்க்குக்கு வேண்டிய மின்சாரத்தை அந்த ஹப் கொடுத்துவிடும். எல்லா பாக்ஸும் ஹப்பை ஏற்பதில்லை என்பதால், திருப்பிக் கொடுக்க முடிகிற கடையில் வாங்குவது நல்லது. ஒரு முனையில் இரண்டு பிளக் கொண்ட கேபிளைப் பயன்படுத்தி, ஒன்றை பாக்ஸிலும் மற்றொன்றை போன் சார்ஜரிலும் செருகுவது செலவு குறைந்த வழி. எந்த ஏற்பாட்டிலும் கேபிள் குட்டையாக இருக்கட்டும். மெல்லிய நீளக் கேபிளில் வோல்ட்டேஜ் குறைந்துபோகும். இந்தச் சிக்கல்கள் எதுவும் வேண்டாம் என்பவர், 12 வோல்ட் அடாப்டருடன் வரும் 3.5 அங்குல டிஸ்க்கை வாங்கலாம். கூடுதலாக ஒரு பிளக் பாயின்ட் மட்டும் தேவைப்படும். அதை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாக்ஸ் இன்வெர்ட்டர் லைனிலும் டிஸ்க் சாதாரண லைனிலும் இருந்தால், மின்வெட்டின்போது பாக்ஸ் ஓடிக்கொண்டிருக்க, டிஸ்க் மட்டும் பதிவின் நடுவே அணைந்துவிடும். அந்தப் பதிவு மட்டுமல்லாமல் டிஸ்க்கின் கோப்பு அட்டவணையே குழம்பிப்போகலாம். இரண்டையும் ஒரே லைனில் வைக்க வேண்டும்.

கொள்ளளவுக் கணக்கு எளிது. ஓர் எச்டி சேனல் நொடிக்கு 8 மெகாபிட் அளவில் வருவதாகக் கொண்டால், அது நொடிக்கு ஒரு மெகாபைட், மணிக்கு 3.6 ஜிபி. அரை மணி நேரத் தொடர் ஒன்றுக்கு 1.8 ஜிபி. வாரத்துக்கு ஆறு நாள், நாளுக்கு இரண்டு தொடர் என்றாலும் 22 ஜிபிக்குள் முடிந்துவிடும். நான்கு மணி நேர டி20 ஆட்டம் ஏறத்தாழ 14 ஜிபி பிடிக்கும். நாளுக்கு ஏழு மணி நேரம் வீதம் ஒரு டெஸ்ட் ஆட்டத்தின் ஐந்து நாளையும் விடாமல் பதிவு செய்தாலும் 126 ஜிபிதான். ஒரு டிபி டிஸ்க்கில் ஏறத்தாழ 275 மணி நேரம் கொள்ளும். அதைக் கணினியில் செருகும்போது 931 ஜிபி என்று காட்டுவது எண்ணும் முறையில் உள்ள வேறுபாடே தவிர, கடைக்காரர் ஏமாற்றியது அல்ல. ஆகவே பெரும்பாலான வீடுகளுக்கு ஒரு டிபி தாராளம் என்பதே என் கருத்து. இரண்டு டிபிக்கு மேல் போவதில் வேறோர் ஆபத்தும் உண்டு. டிஸ்க்கின் இடம் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்பதைக் குறித்து வைக்கும் பகிர்வு அட்டவணை பழைய முறையில் இருந்தால், அதனால் ஏறத்தாழ 2.2 டிபிக்கு மேல் எண்ண இயலாது; அந்த முறையை மட்டுமே அறிந்த பாக்ஸ், நான்கு டிபி டிஸ்க்கை அடியோடு மறுக்கலாம், அல்லது பாதியை மட்டும் பயன்படுத்தலாம்.

வேகத்துக்காகக் கூடுதல் பணம் தர வேண்டியதில்லை. ஒரே நேரத்தில் இரண்டு சேனல்களைப் பதிவு செய்துகொண்டு, மூன்றாவதாகப் பழைய பதிவு ஒன்றைப் பார்த்தாலும், நொடிக்கு மூன்று மெகாபைட்தான் தேவை. நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் சாதாரண டிஸ்க்கே அதைப்போலப் பல மடங்கு வேகத்தில் எழுதும். பென் டிரைவ் சோதனைக்கு மட்டும் சரி. தொடர்ந்து எழுதும்போது அது சூடாகி வேகம் தளரும் என்பதால் பல பாக்ஸ்கள் அதை ஏற்பதே இல்லை. சுழலும் தட்டு இல்லாமல் சிப்புகளில் சேமிக்கும் எஸ்எஸ்டி எழுத எழுதத் தேய்ந்துவிடும் என்ற அச்சம் பலருக்கு இருக்கிறது. கணக்குப் போட்டால் அது நிற்காது. நாள் முழுவதும் ஓர் எச்டி சேனல் எழுதப்பட்டாலும் 86 ஜிபிதான். 600 டிபி வரை எழுதலாம் என்று உத்தரவாதம் தரப்படும் ஒரு டிபி எஸ்எஸ்டி, அந்தக் கணக்கில் பத்தொன்பது ஆண்டு தாங்கும். அதில் மோட்டாரும் இல்லை, சத்தமும் இல்லை. விலை ஒன்றுதான் தடை.

நேரலையை நிறுத்தி வைத்துப் பார்க்கும் டைம் ஷிஃப்ட் வசதியைத் திறந்து வைத்திருந்தால், நீங்கள் எதையும் பதிவு செய்யச் சொல்லாதபோதும், பாக்ஸ் ஓடும் நேரமெல்லாம் டிஸ்க்கில் எழுதிக்கொண்டே இருக்கும். அந்த வசதியை நாள்தோறும் பயன்படுத்துவோர், சிசிடிவி பதிவுக்காக 24 மணி நேரமும் எழுதும்படி செய்யப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டல் பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் போன்ற 3.5 அங்குல டிஸ்க்குகளை அடாப்டருடன் கூடிய உறையில் பொருத்திக்கொள்ளலாம். மற்றவர்கள் மெனுவில் அதை அணைத்துவிடலாம். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய டிஸ்க் இதற்கு உதவாது, ஏனெனில் பூட்டைத் திறக்கும் மென்பொருள் கணினியில்தான் ஓடும். சில நிமிடம் வேலை இல்லையென்றால் தானாக உறங்கிவிடும் டிஸ்க், விழித்தெழுவதற்குள் பதிவின் தொடக்கத்தைத் தவறவிடலாம். அந்த அமைப்பைக் கணினியில் முன்னதாகவே அணைத்து வைக்க வேண்டும்.

முதன்முறை இணைக்கும்போது டிஸ்க்கை ஃபார்மேட் செய்ய வேண்டும் என்று பாக்ஸ் கேட்கும். சம்மதம் தந்த நொடியே அதில் உள்ள கல்யாண ஆல்பம் முதற்கொண்டு எல்லாம் அழிந்துவிடும் என்பதால், இதற்கென்று தனி டிஸ்க்கை ஒதுக்குவதே முறை. ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட் முறையைப் பயன்படுத்தும் பாக்ஸில் ஒரே கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது; எச்டி பதிவு ஒரு மணி பத்து நிமிடத்துக்கு ஒருமுறை துண்டாவது அதனால்தான், பழுதினால் அன்று. வேறு சில பாக்ஸ்கள் விண்டோஸ் அறியாத முறையில் ஃபார்மேட் செய்யும். அத்தகைய டிஸ்க்கைக் கணினியில் செருகினால் மீண்டும் ஃபார்மேட் செய்யவா என்று கேட்கும். சம்மதித்தால் பதிவுகள் போய்விடும்.

கட்டணச் சேனல்களின் பதிவுகள் பெரும்பாலும் அந்த பாக்ஸுக்கே உரிய சாவியால் பூட்டப்படுகின்றன. கணினியிலோ பக்கத்து வீட்டு பாக்ஸிலோ அவை ஓடா. பாக்ஸ் பழுதாகி வேறொன்று மாற்றித் தரப்பட்டால், டிஸ்க் நன்றாக இருந்தாலும் பதிவுகள் திறக்கா. ரீசார்ஜ் முடிந்த நிலையில் திறக்க மறுப்பதும் உண்டு. இந்த டிஸ்க் பத்தாயம் அன்று, அன்றாடம் அள்ளிப் போடும் அரிசிப் பானை. ஐந்து டிபி வாங்கிப் பத்து ஆண்டுக்குச் சேர்த்து வைக்கலாம் என்ற எண்ணத்தை நான் ஊக்குவிக்காததற்கு இதுவே காரணம்.

வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க்குகள் பலவற்றுக்கு 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையே உகந்த வெப்பநிலை என்று உற்பத்தியாளர்கள் குறிக்கிறார்கள். அக்னி நட்சத்திர நாட்களில் நம் கூடமே அதைத் தாண்டிவிடும். சூடாக இருக்கும் பாக்ஸின் தலைமேலும், கண்ணாடிக் கதவு போட்ட டிவி அலமாரிக்குள்ளும் டிஸ்க்கை வைக்காதீர்கள்.

வாங்கிய அன்றே சோதித்துவிடுங்கள். இரண்டு மணி நேர எச்டி படம் ஒன்றை இரவில் பதிவாகும்படி நேரம் குறித்து, பாக்ஸை ஸ்டாண்ட்பையில் விட்டுவிட்டுத் தூங்கப் போங்கள். காலையில் அதன் முதல் நிமிடமும் கடைசி நிமிடமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். வேறொரு சேனல் பதிவாகிக்கொண்டிருக்கும்போதே அந்தப் படத்தை ஓட்டி, நடுவில் முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். கடைசியாக மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டு, டிஸ்க்கை பாக்ஸ் தானாகக் கண்டுகொள்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாம் தேறும்வரை பில்லும் அட்டைப்பெட்டியும் பத்திரமாக இருக்கட்டும்.