இழுவிசை: சொல்லிலும் கணக்கிலும் நேரும் தவறுகள்

ஒரு கயிற்றின் நடுவே சுருள்வில் தராசைக் கட்டி, இரு முனையிலும் ஆளுக்கு 500 நியூட்டன் விசையோடு இழுக்கிறார்கள். தராசு எவ்வளவு காட்டும்? 1000 என்பார்கள் பலர். எதிரெதிரே இழுப்பதால் சுழி என்பாரும் உண்டு. காட்டுவது 500தான். ஒரு முனையைச் சுவரில் கட்டிவிட்டு ஒருவரே இழுத்தாலும் அதே 500தான். சுவர் அவ்வளவு விசையோடு மறுபக்கம் பிடித்து நிற்கிறது. கயிற்றை எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் ஒரு துண்டு மறு துண்டை எவ்வளவு விசையோடு இழுக்கிறதோ, அதுதான் அங்குள்ள இழுவிசை (டென்ஷன்). இரு துண்டும் ஒன்றையொன்று இழுக்கின்றன என்பதற்காக அதை இரண்டு முறை எண்ணக் கூடாது.

உயிரை வாங்குவது இன்னொரு தவறு: இழுவிசையும் தொங்கும் பாரமும் ஒன்றே என்று நினைப்பது. 1000 கிலோ எடையுள்ள மோட்டாரை ஒரே கொக்கியில் இரண்டு ஸ்லிங் (பாரம் தூக்கும் கயிறு அல்லது பட்டை) மாட்டித் தூக்குகிறோம். பாதிப் பாதி, ஆளுக்கு 500 கிலோ என்று மனக்கணக்குப் போடுவது வழக்கம். ஸ்லிங்குகள் செங்குத்தாக நின்றால் மட்டுமே அது சரி. அவை கிடைமட்டத்தோடு 60 பாகையில் சாய்ந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 577 கிலோ எடைக்குச் சமமான இழுவிசை. 45 பாகையில் 707. 30 பாகையில் முழுசாக 1000 கிலோ. 15 பாகைக்குப் படுத்துவிட்டால் 1930 கிலோவைத் தாண்டும். பாரம் கூடவில்லை, கோணம்தான் மாறியது. மேல்நோக்கித் தாங்குவது இழுவிசையின் செங்குத்துக் கூறு மட்டுமே; ஸ்லிங் படுக்கப் படுக்க அந்தக் கூறு சிறுத்துப்போகிறது. அதை ஈடுகட்ட மொத்த இழுவிசை ஏற வேண்டியிருக்கிறது.

வேலையிடத்தில் கோணமானி தேவையில்லை. மாட்டும் இரு புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளந்து, ஸ்லிங் ஒவ்வொன்றும் குறைந்தது அந்த நீளமாவது இருக்கும்படி பாருங்கள். மூன்று பக்கமும் சமமென்றால் கோணம் 60 பாகை. மேலே உயரம் போதவில்லை என்று குட்டை ஸ்லிங்கைப் போடுவதுதான் ஆபத்து. இரு புள்ளிகளையும் உட்பக்கமாக நசுக்கும் கிடைவிசையும் அப்போது கூடும்; ஸ்லிங்கை மாட்டும், தலையில் வளையமுள்ள கண் போல்ட் வளைவதற்கு அதுவே காரணம்.

கப்பியிலும் இதே அசட்டை நடக்கிறது. உத்தரத்தில் ஒரு நிலைக்கப்பியை (இடம் நகராத கப்பி) தொங்கவிட்டு 100 கிலோ கலவையைத் தரையில் நின்று இழுத்தால், உத்தரத்தின் மேல் விழுவது சுமார் 200 கிலோ. கயிற்றின் இரு பக்கமும் இழுவிசை கீழ்நோக்கி இருப்பதை மறந்துவிடுகிறோம். இரு பக்கமும் அது சமம் என்பதும் எடையில்லாத, உராய்வில்லாத கப்பிக்குத்தான். கம்பத்தில் கயிற்றைச் சுற்றினால் கதை வேறு: உராய்வுக் கெழு (உராய்வு எவ்வளவு என்று காட்டும் எண்) 0.3 என்றால் ஒரே சுற்றில் ஒரு பக்க இழுவிசை மறுபக்கத்தைப் போல் ஏறத்தாழ 6.6 மடங்கு வரை போகலாம். படகைக் கட்டுபவர் ஒற்றைக் கையால் பிடித்து நிற்பது இதனால்தான்.

அசைவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1000 கிலோ பாரம் அசையாமல் தொங்கும்போது 9.81 கிலோநியூட்டன், ஒவ்வொரு நொடியும் வேகம் நொடிக்கு 1 மீட்டர் கூடும்படி மேலே தூக்கினால் 10.81. தளர்ந்த கயிற்றில் பாரம் திடீரென ஏறினால், விழும் உயரமே இல்லாவிட்டாலும் இழுவிசை ஒரு கணம் இரு மடங்காகும்.

இனி அலகுக் குழப்பம். எஃப்.இ. 500 என்பது கட்டட எஃகுக் கம்பியின் ஒரு தரம். ‘எஃப்.இ. 500 கம்பியின் இழுவிசை 500’ என்று எழுதுவது பிழை. அந்த 500, கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் தகைவு, அதாவது ஓரலகுப் பரப்பில் உள்ள விசை: சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன். 12 மி.மீ. கம்பியின் குறுக்குப் பரப்பு 113 சதுர மி.மீ.; ஆக, அந்த நிலையில் அது தாங்கும் இழுவிசை சுமார் 56.5 கிலோநியூட்டன். விசையை நியூட்டனிலும், தகைவையும், அறுபடுமுன் தாங்கும் உச்சத் தகைவான இழுவலிமையையும் பரப்புக்கு இவ்வளவு என்றும் சொல்ல வேண்டும். திரவங்களின் ‘பரப்பு இழுவிசை’ என்ற பெயரில் விசை இருந்தாலும் அதன் அலகு மீட்டருக்கு நியூட்டன்.

மொழிபெயர்ப்பவர்கள் ‘ஹெச்.டி.’ (HT) என்ற சுருக்கத்தில் கவனமாக இருக்க வேண்டும். ஹெச்.டி. போல்ட் என்றால் உயர் இழுவலிமை கொண்ட போல்ட். 11,000 வோல்ட் ஹெச்.டி. லைனிலோ ‘டென்ஷன்’ என்பது மின்னழுத்தம். அதை ‘உயர் இழுவிசைக் கம்பி’ என்று எழுதினால் பொருளே மாறிவிடும். தமிழ்நாட்டு நூல்களில் இழுவிசை எனப்படுவது இலங்கைப் பாடநூல்களில் இழுவை. தமிழ்நாட்டிலோ இழுவை என்றால் காற்றும் நீரும் தரும் தடை. இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள், அந்த விசை கயிற்றில் இருக்கிறதா, பாய்மத்தில் ஓடும் பொருளின் மேல் இருக்கிறதா என்று படத்தைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.